எம்.பி.3-யில் பத்துப் பங்கு பாட்டு காணோம்... உங்கள் காது கண்டுபிடிக்குமா?

2000-களின் தொடக்கத்தில் பஸ் ஸ்டாண்டு கடைகளில் தொங்கிய எம்.பி.3 சி.டி-க்களை மறந்திருக்க மாட்டீர்கள். உறையில் கதாநாயகன் படம், அதன் மேல் கொட்டை எழுத்தில் '150 பாடல்கள்'. அதற்கு முன்புவரை ஒரு சி.டி என்றால் இரண்டு படத்துப் பாட்டு, மிஞ்சினால் மூன்று. அதே வட்டத் தட்டு, அதே அளவு. உள்ளே மட்டும் எப்படிப் பத்து மடங்கு பாட்டு?

பாட்டை யாரும் பாதியில் நறுக்கவில்லை. பல்லவி இருந்தது, சரணம் இருந்தது, நடுவில் வரும் வயலினும் இருந்தது. ஆனால், கணக்குப் போட்டால் இடிக்கும். ஆடியோ சி.டி-யில் ஒரு நொடி இசைக்கு 1,411 கிலோபிட் தகவல் செலவாகிறது. நொடிக்கு 128 கிலோபிட் என்பது அந்தக் கால எம்.பி.3-யின் வழக்கமான அளவு. அதாவது, பதினோரு பங்கில் பத்துப் பங்கு காணோம். அதில் கொஞ்சம், புடவையை மடித்துப் பெட்டியில் வைப்பதுபோல சாமர்த்தியமாக மடித்து வைத்தது. பெரும்பகுதியோ நிஜமாகவே தூக்கி எறியப்பட்டது. திரும்ப எடுக்கவே முடியாது.

இருந்தும் வீட்டில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. பாட்டி கண்டுபிடிக்கவில்லை, பாட்டு வாத்தியாரும் கண்டுபிடிக்கவில்லை. 'இவ்வளவு எறிந்தால் தெரியாது, இதற்கு மேல் எறிந்தால் தெரிந்துவிடும்' என்று எல்லைக்கோடு போட்டது யார்?

ஏதோ ஒரு கருவி அளந்து சொல்லியிருக்கும் என்றுதான் தோன்றும். இல்லை. அமைதியான அறையில், ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்த சில மனிதர்களின் காதுகள்தான் அதைச் சொல்லின. அந்தக் காதுகளை நம்புவதற்கு, முதலில் அவற்றை எப்படியெல்லாம் சந்தேகப்பட வேண்டியிருந்தது என்பதுதான் சுவாரஸ்யமே.

மீட்டர் சொன்ன பொய்

எடை பார்க்கத் தராசு, காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர். ஒலியின் தரத்துக்கு மட்டும் ஏன் மனிதக் காது?

மிக்ஸி ஓடும்போது டி.வி-யில் கதாநாயகி என்னதான் குமுறி அழுதாலும் நமக்குக் கேட்காது. டி.வி பாட்டுக்குச் சத்தம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறது, காதுதான் அதை வாங்கிக்கொள்வதில்லை. ஒரு பெரிய சத்தம், தனக்குப் பக்கத்துச் சுருதியில் இருக்கும் சின்னச் சத்தத்தை மூடி மறைத்துவிடும். இசைக்குள்ளும் ஒவ்வொரு நொடியும் இதே கதைதான். எம்.பி.3 போன்ற சுருக்கும் முறைகள், அதாவது 'கோடெக்'குகள், இந்தப் பலவீனத்தை வைத்தே பிழைக்கின்றன. எந்த ஒலி மறைந்துபோகுமோ அதற்கு இடம் ஒதுக்குவதில்லை. மீதியையும் தோராயமாகத்தான் எழுதிவைக்கும். அந்தத் தோராயத்தால் வரும் இரைச்சலை, பெரிய சத்தங்களின் நிழலுக்குள் ஒளித்துவிடும்.

இங்கேதான் மீட்டர் தோற்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் ஜான்ஸ்டன், கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் என்ற இரண்டு பொறியாளர்கள் 1990-வாக்கில் ஒரு வேடிக்கை காட்டினார்கள். ஒரே பாட்டு, அதில் ஒரே அளவு இரைச்சல். இரைச்சலைவிட இசை வெறும் 13 டெசிபல்தான் கூடுதல். முதல் பிரதியில் அந்த இரைச்சலை எல்லாச் சுருதியிலும் சமமாகத் தூவியிருந்தார்கள். மோசமான ரேடியோபோல 'உஸ்ஸ்ஸ்' என்று கேட்டது. இரண்டாவது பிரதியில் அதே அளவு இரைச்சலை இசையின் நிழலில் ஒளித்துவைத்திருந்தார்கள். கேட்டவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே ஏறக்குறையத் தெரியவில்லை. மீட்டரிடம் கேட்டால் இரண்டுக்கும் ஒரே மார்க்! '13 டெசிபல் அதிசயம்' என்று ஒலிப் பொறியாளர்கள் இன்றைக்கும் அதைச் சொல்வார்கள்.

ஆக, காதை ஏமாற்றச் செய்த ஒன்றுக்கு மார்க் போட, காதைத்தான் கூப்பிட வேண்டும். வேறு வழியே இல்லை.

எல்லாவற்றையும் கெடுத்த ஒரு குரல்

பெல் ஆய்வகத்துக்குப் போவதற்கு முன்பு பிராண்டன்பர்க், ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர். அவருடைய பேராசிரியர் டீட்டர் சைட்சருக்கு ஒரு கனவு. அப்போது புதிதாக வரவிருந்த ஐ.எஸ்.டி.என் டெலிபோன் கம்பி வழியாகத் தரமான இசையை அனுப்ப வேண்டும். அதற்குக் காப்புரிமை கேட்டுப் போனபோது, 'இதெல்லாம் நடக்காத காரியம்' என்று அதிகாரி கையை விரித்துவிட்டார். நடக்கும் என்று காட்ட சைட்சர் தேடிப் பிடித்த மாணவர்தான் பிராண்டன்பர்க்.

1980-களின் கடைசியில் அவருடைய சுருக்கும் முறை ஓரளவு தயார். ஆர்கெஸ்ட்ரா போட்டார்கள், நன்றாக இருந்தது. ராக் இசை போட்டார்கள், பிரமாதம். அந்த நேரத்தில் அவர் காதில் விழுந்தது, அமெரிக்கப் பாடகி சுசான் வேகாவின் 'டாம்ஸ் டைனர்'. ஆய்வகத்து நடையில் எங்கோ ரேடியோவில் ஒலித்தது என்று ஒரு கதை உண்டு. இந்தப் பாட்டைப் போட்டு ஸ்பீக்கர்களைச் சோதிக்கிறார்கள் என்று ஆடியோ பத்திரிகை ஒன்றில் படித்தார் என்று இன்னொரு கதை. எதுவானாலும், 1987-ல் வந்த அந்தப் பாட்டில் தாளம் கிடையாது, கிட்டார் கிடையாது. காலை நேரத்தில் ஹோட்டலில் காபி குடிக்கிற ஒரு பெண், சுற்றி நடப்பதைச் சொல்லிக்கொண்டே போகிறாள். வெறும் குரல், அவ்வளவுதான்.

அந்த வெறும் குரல்தான் வில்லன் ஆனது. சுருக்கி விரித்துக் கேட்டால், குரலின் இரண்டு பக்கமும் யாரோ கரகரவென்று சுரண்டுவதுபோல இருந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. வேகாவின் குரல், கேட்பவரின் நெற்றிக்கு நேராக, நடுவில் நிற்கிறது. கோடெக் இடது, வலது ஸ்பீக்கர்களைத் தனித்தனியாகச் சுருக்கியதால், அது விட்ட இரைச்சல் நடுவில் நிற்காமல் பக்கவாட்டில் பரவியது. நடுவில் நிற்கிற குரல், பக்கத்தில் நிற்கிற இரைச்சலை மறைக்காது. கல்யாணக் கூட்டத்திலும் பின்னால் இருந்து யாரோ நம் பெயரைச் சொன்னால் திரும்பிப் பார்க்கிறோமே, சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைப் பிரித்துப் பார்ப்பதில் காதுக்கு அவ்வளவு கெட்டிக்காரத்தனம்.

இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைத்துச் சுருக்கும் உத்தி வந்த பிறகுதான் வேகாவின் குரல் தெளிந்தது. அதற்குள் பிராண்டன்பர்க் அந்தப் பாட்டைப் பல நூறு முறை கேட்டிருந்தார். எந்த மீட்டரும் காட்டாத ஒரு கோளாறு. சுற்றிலும் வாத்தியங்கள் முழங்கும் பாட்டில் எந்தக் காதும் கண்டுபிடிக்க முடியாத கோளாறும்கூட. தனியாகப் பாடிய ஒரு பெண் மட்டும் அதைக் காட்டிக்கொடுத்தார். பின்னாளில் பத்திரிகைகள் அவருக்கு 'எம்.பி.3-யின் தாய்' என்று பட்டம் கட்டின.

ஸ்டாக்ஹோம் பரீட்சை

எர்லாங்கனில் அவரவர் கோடெக்கை அவரவர் மெச்சிக்கொண்டால் போதுமா? உலகத்துக்கே பொதுவான ஒரு முறை வேண்டும் என்று பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று உட்கார்ந்தது. 'எம்பெக்' என்று பெயர். 14 முறைகள் போட்டிக்கு வந்தன. ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்து 4 அணிகளாக்கினார்கள். பரீட்சை நடந்த இடம், ஸ்வீடன் வானொலியின் ஸ்டாக்ஹோம் நிலையம். ஆண்டு 1990. அடுத்த ஆண்டு இன்னொரு சுற்று.

ஒவ்வோர் அணிக்குப் பின்னாலும் பெரிய நிறுவனங்கள், வருடக்கணக்கான உழைப்பு. டச்சு நிறுவனமான பிலிப்ஸும் பிரெஞ்சு, ஜெர்மானிய ஒலிபரப்பு ஆய்வகங்களும் சேர்ந்து கொண்டுவந்தது 'மியூசிகாம்'. எர்லாங்கன்காரர்களும் பெல் ஆய்வகமும் இன்னும் சிலரும் கொண்டுவந்தது 'ஆஸ்பெக்'. மார்க் போடுகிறவருக்கு 'இது எங்க ஊர் கோடெக்' என்று தெரிந்துவிட்டால் கதை கந்தல்.

அதனால், நாற்காலியில் உட்காருகிறவருக்கு எந்த விவரமும் கிடையாது. அவருக்குக் கிடைப்பது மூன்று ஒலிகள். முதலாவது, அசல். இது அசல் என்று சொல்லியே கொடுப்பார்கள். அடுத்த இரண்டில் ஒன்று சுருக்கப்பட்டது, இன்னொன்று மறுபடியும் அதே அசல், ஆனால் பெயர் சொல்லாமல். எது எது என்று கேட்பவருக்குத் தெரியாது. பக்கத்தில் நின்று நடத்துகிறவருக்கும் தெரியாது. மருந்துக் கம்பெனிகள் புது மாத்திரையைச் சோதிக்கும்போது நோயாளிக்கும் சொல்லாமல், டாக்டருக்கும் சொல்லாமல் வைத்திருப்பார்களே, அதே ஏற்பாடு. நடத்துகிறவரின் புருவம் ஒரு நூல் உயர்ந்தால்கூடப் போதும், காது அதைக் 'கேட்டு'விடும்.

துண்டு இசை ஒவ்வொன்றும் சில நொடிகள்தான். எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பித் திருப்பிக் கேட்கலாம். கேட்டுவிட்டு, பின்னால் வந்த இரண்டுக்கும் மார்க் போட வேண்டும். வித்தியாசமே தெரியவில்லை என்றால் 5. தெரிகிறது, ஆனால் உறுத்தவில்லை என்றால் 4. லேசாக உறுத்தினால் 3, உறுத்தினால் 2, தாங்க முடியவில்லை என்றால் 1. நடுவில் 4.3, 3.7 என்று புள்ளி வைத்தும் போடலாம்.

கவனித்தீர்களா? 'நன்றாக இருக்கிறதா' என்ற கேள்வியே இங்கே இல்லை. 'அசலிலிருந்து மாறியிருக்கிறதா' என்பது மட்டும்தான் கேள்வி. பாட்டுப் பிடித்தவரும் பிடிக்காதவரும் ஒரே நேர்மையோடு பதில் சொல்ல இதுதான் வழி.

ஒளித்துவைத்த அசல் எதற்கு? அங்கேதான் பரீட்சை வைப்பவரின் தந்திரம். கேட்பவருக்கு நிஜமாகவே வித்தியாசம் தெரிந்தால், ஒளித்துவைத்த அசலுக்கு 5 போட்டுவிட்டு மற்றதற்குக் குறைப்பார். தெரியாமலே தெரிந்ததுபோல நடித்தால், பாதி நேரம் அசலையே மட்டம் தட்டிவிட்டுப் போவார். மாட்டிக்கொண்டார்! பாட்டுக்குப் பரீட்சை என்று நினைத்து உட்கார்ந்தவருக்கே நடக்கிறது பரீட்சை. இந்த முறையை மெருகேற்றி 1994-ல் ஐ.டி.யூ என்ற பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 'பி.எஸ்.1116' என்ற பெயரில் விதியாகவே எழுதிவைத்தது. சும்மா குத்துமதிப்பாகப் போடுகிறவரின் மார்க்கைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடவும் அதில் வழி உண்டு. அறையின் எதிரொலி எவ்வளவு, ஏ.சி சத்தம் எவ்வளவு இருக்கலாம் என்பது வரை எழுதியிருக்கிறார்கள்.

ஸ்டாக்ஹோமில் முடிவு என்ன ஆனது? சுத்தமாகக் கேட்டதில் ஆஸ்பெக் முன்னால். ஆனால் அது சிக்கலானது, கருவிக்கு அதிக மூளை வேண்டும். எளிமையில், வேகத்தில் மியூசிகாம் முன்னால். பஞ்சாயத்தில் எப்போதும் நடப்பதுதான் நடந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். மியூசிகாமிலிருந்து முதல், இரண்டாம் அடுக்குகள், ஆஸ்பெக்கின் சரக்கோடு சமரசம் செய்த மூன்றாம் அடுக்கு என்று 1992-ல் தீர்ப்பு. இரண்டாம் அடுக்கு நம் வீட்டுக்கு வி.சி.டி வடிவில் வந்தது. வாடகைக்கு எடுத்து, பாதியில் நின்றுபோய், சட்டைத் துணியால் துடைத்துப் பார்த்த அத்தனை வி.சி.டி-யிலும் ஒலி அந்த முறையில் சுருக்கியதுதான். மூன்றாம் அடுக்குக்கு 1995 ஜூலையில் எர்லாங்கனில் சுருக்கமாக ஒரு பெயர் வைத்தார்கள். எம்.பி.3!

கட்டைச் சத்தமும் மணிச் சத்தமும்

இந்தப் பரீட்சைகளில் போட்ட இசை, யாரும் ஆசைப்பட்டுக் கேட்கிற ரகம் அல்ல. வேகா இருந்தார், டிரேசி சாப்மன் இருந்தார், ஆர்னெட் கோல்மனின் ஜாஸ் இருந்தது. கூடவே ஓர் ஆணின் வெறும் பேச்சு, சின்னச் சின்ன உலோகத் தகடுகளைத் தட்டும் கிளாக்கன்ஸ்பீல், பிறகு காஸ்டனெட் என்ற ஸ்பெயின் நாட்டுக் கைத்தாளக் கட்டை. நடனமாடுகிறவர்கள் விரலிடுக்கில் வைத்து 'டக் டக்' என்று தட்டுவார்களே, அது.

ஆர்கெஸ்ட்ராவே தேறிவிட்ட இடத்தில் இந்தக் கட்டைக்கு என்ன வேலை? கோடெக், இசையைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கித்தான் சுருக்கும். ஒரு துண்டில் செய்யும் தோராயத்தின் இரைச்சல், அந்தத் துண்டு முழுக்கச் சமமாகப் பரவும். காஸ்டனெட்டில் முதலில் நிசப்தம், திடீரென ஒரு தட்டு. தட்டு, துண்டின் கடைசியில் விழுந்தால்? இரைச்சல், தட்டுக்கு முன்னாலேயே நிசப்தத்தில் கேட்டுவிடும். இடிக்கு முன்னால் எதிரொலி வருவதுபோல! 'முன் எதிரொலி' என்றே அதற்குப் பெயர். 'டக்' என்று வர வேண்டியது 'ஷ்டக்' என்று வரும். பெரிய சத்தம் தனக்குப் பின்னால் வருவதைக் கொஞ்ச நேரம் மறைக்கும். முன்னால் போனதையோ சில மில்லிசெகண்டுக்கு மேல் மறைக்க அதனால் ஆகாது. தட்டு வரும் இடத்தை முன்கூட்டியே மோப்பம் பிடித்து, அங்கே மட்டும் இன்னும் பொடியாக நறுக்குவது என்று இதற்கு வைத்தியம் கண்டுபிடித்தார்கள்.

ஐரோப்பிய ஒலிபரப்பாளர் ஒன்றியம் இப்படிச் சோதனைக்கென்றே 70 ஒலிப்பதிவுகளைத் தொகுத்து ஒரு சி.டி வெளியிட்டது. 1988 முதல் உலகமெங்கும் ஆய்வகங்களில் ஓடி ஓடித் தேய்ந்த தட்டு அது. வயலின், டிரம்பெட், ஹார்ப்சிகார்ட், முக்கோணக் கம்பி என்று வரிசையாக வரும். பேச்சுக்கு ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன். நாகஸ்வரம் இல்லை, தவில் இல்லை, ஜால்ரா இல்லை. தமிழ்ப் பேச்சும் இல்லை. ஐரோப்பியர்கள் தங்கள் வேலைக்குச் செய்துகொண்ட தட்டு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், எந்த ஒலி பரீட்சையில் வருகிறதோ அதற்குத்தான் வைத்தியமும் கிடைக்கும். காஸ்டனெட் பிழைத்ததால் அதே குணமுள்ள ஜால்ராவும் மிருதங்கத்தின் சொற்களும் கூடவே பிழைத்துக்கொண்டன என்று வேண்டுமானால் ஆறுதல்படலாம்.

காது கெட்டுப்போகும் வேலை

இந்த நாற்காலியில் உட்கார இளம் காதுதான் வேண்டும் என்று நினைப்போம். வயதாக ஆக மிக உயர்ந்த சுருதிகள் காதுக்கு எட்டாமல் போவது உண்மைதான். ஆனால், கோளாறுகள் பெரும்பாலும் யாருக்கும் கேட்கிற சுருதியில்தான் இருக்கின்றன. எதைத் தேடுவது என்று தெரிந்தால்தான் அகப்படும். அரிசியில் கல் பொறுக்குகிற பழக்கம்போல. அதனால், பரீட்சைக்கு முன்பு பயிற்சி உண்டு. மோசமாகச் சுருக்கியதைக் கேட்கவைத்து, 'இதோ இந்தச் சலசலப்பு, இதோ இந்தத் தண்ணீர்க் குமிழிச் சத்தம்' என்று காட்டுவார்கள். ஒருமுறை பழகிய காது பிறகு விடாது. கல்யாண வீட்டு ஸ்பீக்கரிலும் அந்தக் குமிழிதான் முதலில் கேட்கும். பாவம், தொழில் நோய்!

நுணுக்கமான வித்தியாசத்துக்குத்தான் இந்த 5 மார்க் முறை. இன்டர்நெட் ரேடியோபோல இன்னும் அதிகமாகச் சுருக்கியவற்றுக்கு 2001-ல் 'முஷ்ரா' என்ற வேறு முறை வந்தது. 100-க்கு மார்க். பல கோடெக்குகளை ஒரே நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கலாம். அதற்குள் ஒளித்துவைத்த அசல் ஒன்று, வேண்டுமென்றே கெடுத்துவைத்த பிரதி ஒன்று. இந்தக் கெட்ட பிரதி, 3,500 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள அத்தனையையும் வெட்டியெறிந்தது. பழைய லேண்ட்லைன் போனில் பாட்டுக் கேட்டதுபோல இருக்கும். மேலே அசல், கீழே லேண்ட்லைன் என்று இரண்டு மைல்கல் நட்டுவிட்டால், ஆளுக்கொரு விதமாக மார்க் போடும் சிக்கல் குறைகிறது. ஒளித்துவைத்த அசலுக்கே 90-க்குக் கீழ் போடுகிறவர், அதை 15 சதவீதத்துக்கு மேற்பட்ட துண்டுகளில் செய்தால், அவருடைய விடைத்தாளே செல்லாது.

காது படும் பாட்டைக் குறைக்க, காதைப்போலவே 'கேட்கும்' கணினி நிரல்களும் வந்தன. 1998-ல் ஐ.டி.யூ ஒன்றை விதியாகவே ஏற்றது. தினசரி வேலைக்கு அது உதவும். ஆனால் அந்த நிரலைப் பழக்கியதே மனிதர்கள் போட்ட பழைய மார்க்குகளை வைத்துத்தான். புதுமாதிரிக் கோடெக் வந்தால், கடைசித் தீர்ப்புக்கு மறுபடியும் நாற்காலியும் ஹெட்போனும்தான்.

வேகாவே வந்தபோது

எர்லாங்கனுக்கு சுசான் வேகாவே ஒருமுறை போனார். 2008-ல் எழுதிய கட்டுரை ஒன்றில் அந்த நாளை நகைச்சுவையாகச் சொல்லியிருக்கிறார். முதலில் அசல் பாட்டைப் போட்டுக்காட்டினார்கள். பிறகு, ஆரம்ப காலத்தில் கோடெக் அதைச் சிதைத்த விதங்கள். ஏதோ பூதம் பாடுவதுபோல இருந்ததாம். கடைசியாக, சரிசெய்த எம்.பி.3. அச்சு அசல் அதேதான் என்று பெருமையோடு சொன்னார்கள். வேகா மெல்ல, அசலில் இருந்த கதகதப்பு இதில் கொஞ்சம் குறைகிறதே, அடிக்குரல் லேசாகப் போனதுபோல இருக்கிறதே என்றார். பொறியாளர் அதிர்ந்துபோனார். இரண்டும் ஒன்றேதான் என்று சாதித்தார். சுற்றிலும் ஜெர்மன் பத்திரிகையாளர்கள். வேகா, சரி என்று விட்டுக்கொடுத்துவிட்டார்.

யார் சொன்னது சரி? குரலுக்குச் சொந்தக்காரி அவர். தன் குரலில் ஒரு இழை குறைந்தாலும் அவருக்குத் தெரியாதா? தெரியலாம். ஆனால், எது அசல், எது நகல் என்பதை அவருக்குச் சொல்லிவிட்டுத்தான் போட்டார்கள். 'எம்.பி.3 என்றால் கதகதப்புக் குறையும்' என்ற பேச்சும் ஏற்கெனவே அவர் காதில் விழுந்திருந்தது. 'ஒன்றேதான்' என்ற பொறியாளருக்கும் எது எது என்று தெரியும். ஸ்டாக்ஹோம் விதிப்படி பார்த்தால், அன்றைக்கு இரண்டு பேர் மார்க்கும் செல்லாது.

வீட்டிலேயே ஒரு ஸ்டாக்ஹோம்

இன்றைக்கு இந்தக் கேள்வி நம் பர்ஸ் வரைக்கும் வந்துவிட்டது. 'லாஸ்லெஸ்' என்று போட்டு, ஒரு துளியும் எறியாத பாட்டு என்று ஆப்கள் விற்கின்றன. அதைக் கேட்கவென்றே விலை கூடிய இயர்போன்கள். வாங்குவதற்கு முன், உங்கள் காதைக் கேட்டுவிடுவது நல்லது. ஒன்று மட்டும் கவனம். வழக்கமான புளூடூத் இயர்போன், வந்த பாட்டை மறுபடியும் சுருக்கித்தான் காதுக்கு அனுப்பும். லாஸ்லெஸ் பாட்டும் அங்கே லாஸ்லெஸ் இல்லை. கம்பி வைத்த ஹெட்போன் இருந்தால்தான் இந்தச் சோதனைக்கு அர்த்தம்.

ஒரு ஆடியோ சி.டி-யிலிருந்தோ லாஸ்லெஸ் கோப்பிலிருந்தோ பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் அதற்கு 128 கிலோபிட் எம்.பி.3 நகல் ஒன்று செய்யுங்கள். அசலும் நகலும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும், யூடியூபில் எடுத்ததையும் சி.டி-யையும் ஒப்பிட்டால் வேறு வேறு பதிவாக இருக்கலாம். இரண்டும் ஒரே சத்த அளவில் இருக்கட்டும். இது முக்கியம். கொஞ்சமே கொஞ்சம் சத்தம் கூடினாலும் காது அதைத்தான் 'தெளிவாக இருக்கிறது' என்று சொல்லும். கடைக்காரர்களுக்கு இந்த ரகசியம் தெரியும். ஜால்ரா, கடம், கைதட்டல் அல்லது தனிக்குரல் வரும் இடமாகப் பார்த்து பத்து நொடி தேர்ந்தெடுத்தால், கோளாறு இருந்தால் அங்கேதான் சிக்கும்.

முதலில் இரண்டையும் பெயர் சொல்லி, ஆசை தீரக் கேளுங்கள். அப்புறம் வீட்டில் யாரையாவது கூப்பிட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்துவிட்டு, நீங்கள் முதுகைக் காட்டி உட்காருங்கள். அவர் நாணயத்தைச் சுண்ட வேண்டும். தலை விழுந்தால் அசல், பூ விழுந்தால் நகல். போட்டுவிட்டுத் தன் தாளில் குறித்துக்கொள்வார், நீங்கள் உங்கள் ஊகத்தை உங்கள் தாளில் எழுத வேண்டும். இப்படி 16 முறை. அவர் வாய் திறக்கக் கூடாது. 'அய்யோ' என்றோ 'ம்' என்றோ சொல்லக் கூடாது. சிரிக்கிற பிள்ளைகளை இந்த வேலைக்கு வைக்காதீர்கள்.

16-ல் 8 சரியாக வந்தால் அது வெறும் குருட்டாம்போக்கு. 10 வந்தாலும் துள்ள வேண்டாம், சும்மா ஊகித்தாலே அடிக்கடி வரும். 12 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் யோசிக்க வேண்டும். ஊகத்தால் மட்டும் அப்படி வர, நூற்றில் 4 வாய்ப்புக்கும் குறைவு. 12 வந்தவர்கள், மறுநாள் இன்னொரு 16 முறை உட்காருங்கள். பிறகு நகலை 192, 256 கிலோபிட் என்று உயர்த்திக்கொண்டே போய், எந்த இடத்தில் காது கையை விரிக்கிறது என்று பாருங்கள்.

நடுவில் எத்தனை சரி என்று எட்டிப்பார்க்கக் கூடாது. 16-ம் முடிந்த பிறகுதான் இரண்டு தாளையும் பக்கத்தில் வைக்க வேண்டும். அரை மணி நேரத்துக்கு மேல் காது களைத்துவிடும், நடுவில் எழுந்து ஒரு காபி குடித்துவிட்டு வரலாம். சோதனை முடியும்வரை மிக்ஸியை மட்டும் யாரும் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.